மாட்டாஸ்பத்திரியில் எடுத்த ரத்தம்

"ரத்தம்தான் எடுத்துப் பார்த்தாச்சே சார், கேன்சர் இருந்தா அதுலயே தெரிஞ்சிருக்காதா?" விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மாட்டாஸ்பத்திரிக்கு நாயோடு வருகிறவர்கள் கேட்கக்கூடிய கேள்விதான். தெரியாது என்பதே பெரும்பாலும் பதில். முன்னங்காலில் எடுக்கும் ரத்தத்தில் அணுக்களை எண்ணுவார்கள். உண்ணிக் காய்ச்சலா, சோகையா என்று பார்ப்பார்கள். ரத்தப் புற்று சில சமயம் அதில் அகப்படும். மண்ணீரலில் ஒளிந்திருக்கும் கட்டி அகப்படாது.

ஆனால் அந்தக் கட்டியும் ரத்தத்தில் எதையோ சிந்திக்கொண்டுதான் இருக்கிறது. செல்லுக்குள் டிஎன்ஏ இழை, நூல்கண்டில் நூல் சுற்றியிருப்பதுபோல, எட்டு ஹிஸ்டோன் புரதங்களின் மேல் 147 எழுத்து நீளத்துக்குச் சுற்றியிருக்கும். இதற்கு நியூக்ளியோசோம் என்று பெயர். செல் சாகும்போது இவை ரத்தத்தில் கலக்கும். புற்றில் இந்தக் கலப்பு கூடும். வோலிஷன் நிறுவனமும் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய சோதனை இவற்றைத்தான் அளக்கிறது. சாப்பிட்டாலே அளவு ஏறிவிடும் என்பதால் நாய் குறைந்தது 4 மணி நேரம் பட்டினி கிடக்க வேண்டும். அதை நாய்க்கு யார் சொல்லிப் புரியவைப்பது!

இன்னொரு வகைச் சோதனை டிஎன்ஏ எழுத்துகளையே படிக்கிறது. கலிபோர்னியாவின் பெட்டிஎக்ஸ் நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், புற்றுள்ள நாய்களில் 54.7 சதவீதத்தைத்தான் அது கண்டுபிடித்தது. நோயில்லாத நாய்களில் 100க்கு 1.5ஐ மட்டுமே தவறாகப் பிடித்தது. 'இருக்கிறது' என்று வந்தால் மேற்கொண்டு ஸ்கேன் எடுத்துத் தேட வேண்டும். 'இல்லை' என்று வந்தால் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

தெருநாய்களிடம் பரவும் ஒரு புற்றின் கதையே வேறு. இனச்சேர்க்கையின்போது உயிருள்ள புற்றுச் செல்களே ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குத் தாவுகின்றன. கட்டியின் டிஎன்ஏ அதைச் சுமக்கும் நாயுடையது அல்ல. ஆசியாவில் எங்கோ வாழ்ந்து செத்த ஒரு பழைய நாயுடையது. 2019இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு அதன் காலத்தை 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் என்று கணிக்கிறது. நாய் மண்ணாகிவிட்டது, அதன் செல் இன்னும் பெருகிக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ரத்தமே வேண்டாம். கண்ணாடித் தகட்டைக் கட்டியில் ஒற்றியெடுத்துச் சாயம் ஏற்றினால், உள்ளே குமிழ் குமிழாகத் தெரியும் வட்டச் செல்கள் மைக்ரோஸ்கோப்பில் காட்டிக்கொடுத்துவிடும். மருந்து வின்கிறிஸ்டின், நம் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தது. வாரம் ஓர் ஊசி; பெரும்பாலும் சில வாரங்களில் கட்டி கரைந்துவிடும்.

பெட்டை நாய்களுக்கு மடிக்கட்டிதான் அதிகம். வழக்கமான ஐந்து ஜோடி மடிகளில், பின்னங்கால் பக்கமுள்ள கடைசி இரண்டு ஜோடிகளில் கூடுதலாக வரும். குளிப்பாட்டும்போது அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் எந்த நவீனச் சோதனைக்காகவும் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டர்தான்.