திரையில் சரி, கையில் தவறு

பொறியியல் படித்த நம் அன்பர்களுக்கு டிராயிங் வகுப்பு மறந்திருக்காது. ஒரு கையில் மினி டிராஃப்டர், மறு கையில் சுருட்டிய ஷீட்டுடன் பஸ் ஏறிய நாட்கள்! முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் மூன்றையும் பார்த்தால் பொருள் மனக்கண்ணில் எழ வேண்டும். எழாதவர்கள் அடுத்த பலகையைப் பார்த்துப் போட்டோம். (நானும் அந்தக் கோஷ்டிதான்.)

பிறகு கணிப்பொறி வந்தது. 1982-இல் வெளியான ஆட்டோகேட், சிறிய அலுவலகங்களுக்கும் அதைக் கொண்டு சேர்த்தது. திரையில் பொருளைத் திருப்பலாம், வெட்டிப் பார்க்கலாம். ஆனால் திரை எதையும் பொறுத்துக்கொள்ளும்.

நான் பாடம் சொல்லிக்கொடுத்த காலத்தில், ஒரு மாணவன் மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட் ஒன்றைக் கணிப்பொறியில் வரைந்து வந்தான். அளவுகள் கச்சிதம். நானும் பார்த்துக் கையெழுத்திட்டேன். முப்பரிமாண அச்சு இயந்திரம் அதைச் சில மணி நேரத்தில் பிளாஸ்டிக்கில் செய்து கொடுத்தது. போல்ட் உள்ளே போயிற்று. அதை முடுக்க ஸ்பேனர் நுழைய இடமில்லை! "திரையில் நன்றாகத்தானே இருந்தது, சார்?" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது.

எங்கள் காலத்தில் இந்தத் தவறு தாளோடு மறைந்திருக்கும். மாதிரி செய்ய லேத் பட்டறையில் காத்திருக்க வேண்டும், பணமும் வேண்டும். இந்த இயந்திரமோ முறுக்குப் பிழிவது போலப் பிளாஸ்டிக் இழையை உருக்கி, மெல்லிய அடுக்குகளாகப் பிழிகிறது. 1989-இல் ஸ்காட் கிரம்ப் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அது. அந்தக் காப்புரிமை 2009-இல் காலாவதியானது. அதற்கு முன்பே, 2005-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய 'ரெப்ராப்' திட்டம், இயந்திரத்தின் வரைபடங்களையே இலவசமாக்கியிருந்தது. விலை சரிந்தது.

நம் புனே மாவட்டத்தின் பாபல் கிராமத்து விக்ஞான் ஆசிரமம், பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத்தரும் இடம். எம்.ஐ.டி.க்கு வெளியே முதல் 'ஃபேப் லேப்' 2002-இல் அமைந்தது அங்கேதான். பெரிய கல்லூரிகள் பல அதற்குப் பின்புதான் விழித்தன.

வசதி வந்ததும் வேறொரு சோம்பலும் வந்தது: யோசிக்காமல் அச்சிடுவது. அதனால், முதலில் பென்சிலால் கைப்படம், பிறகு கணிப்பொறி என்று வைத்தேன். அச்சான துண்டை வெர்னியரால் அளந்து, துளை ஏன் வரைந்த அளவைவிடச் சற்றுச் சிறுத்தது என்று எழுதவும் வேண்டும். முணுமுணுத்தார்கள். பிராக்கெட் மாணவன் மூன்றாம் முறையில் ஸ்பேனருக்கு வழி விட்டான்.

பல கல்லூரிகளில் இயந்திரம் கண்ணாடி அறைக்குள் பூட்டியிருக்கிறது. ஆய்வுக் குழு வரும் நாளில் திறக்கிறார்கள். பொறியியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.