மூன்று மாதங்களைக் கடந்த வலி

கிளியூர்ச் சரிவுகளில் காப்பிப் பழம் பறித்து மூட்டை சுமப்போர் பலர், முதுகுவலியைத் தொழிலோடு வந்ததென்றே பொறுத்துக்கொள்கின்றனர். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை மருத்துவம் நாள்பட்ட வலி என்கிறது. 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதற்குத் தனி இடம் அளித்துள்ளது.

காயம் ஆறிய பின்னும் நரம்புகள் ஓயாமல் வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே எக்ஸ்ரே சரியாக இருப்பதனால் வலி பொய்யாகிவிடாது. இதனை வீட்டாரும் அறிதல் வேண்டும்.

மருத்துவரிடம் "தாங்க முடியவில்லை" என்பதைவிட, "பத்து நிமிடம் நின்றால் இடது கால் மரத்துப்போகிறது, இரவில் இருமுறை விழிக்கிறேன்" என்று கூறுவது மிகுந்த பயன் தரும். ஒரு வாரம் குறித்துவைத்த தாளும், உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளும் உடன் இருக்கட்டும். கடையில் தாமே வாங்கியவற்றையும் மறைக்க வேண்டா. வலி மாத்திரைகள் பல நெடுநாள் உண்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். குணம் தெரியாவிடின், "அடுத்து என்ன செய்யலாம்? சேலத்திற்குப் பரிந்துரைக் கடிதம் தருவீர்களா?" என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவு அன்று.

இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் இறங்குவதே முதுகுக்குத் தண்டனைதான். நடமாட இயலாதோர், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை பெறுவது குறித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

சிறுநீரை அடக்க இயலாமை, கால் திடீரென வலுவிழத்தல், காய்ச்சலுடன் கூடிய கடும் முதுகுவலி ஆகியவற்றுக்குக் காத்திராமல் 108-ஐ அழைக்கவும்.