‘ஆம்’ என்னும் ஓசையை அளத்தல்

சிங்கப்பெருமாள் கோவிலில், பெருஞ்சாலையை விட்டு ஒரகடம் சாலை பிரியும் முனையில், விடியுமுன்னே கூட்டம் சேர்ந்துவிடும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சோற்றுப் பை, கண்ணில் கலையாத தூக்கம். தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆளை ஏற்றிக்கொண்டு ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் விரையும். ஏறியவர் சன்னலில் தலையைச் சாய்த்து மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வார். வேலைமுறை என்று நான் எழுதுவதை அவர் ‘ஷிப்டு’ என்பார். மிகைநேர வேலையை ‘ஓட்டி’ என்பார். சென்னையிலிருந்து வரும் தொடர்வண்டியில் இதற்கு முந்தைய நிலையம், தனித்தமிழ் இயக்கம் கண்ட அடிகளின் பெயர் தாங்கிய மறைமலைநகர் என்பது ஒரு வேடிக்கை.

இம்முனையில் நிற்பவர்களின் பகற்பொழுதைப் பற்றி, ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் வடக்கே புனித சார்ச்சு கோட்டைக்குள் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 12 அன்று தொழிற்சாலைகள் (தமிழ்நாடு திருத்த) சட்டமுன்வடிவு பேரவையில் அறிமுகமாயிற்று. ஏப்ரல் 21 அன்று, கூட்டத்தொடரின் இறுதி நாளில், குரல் வாக்கெடுப்பால் நிறைவேறிற்று. இடையே ஒன்பதே நாள். ஒரு சட்டம் பிறக்கும் முறையை நுணுகிக் காண விரும்புவோர்க்கு இதைவிடச் செவ்விய ஆய்வுப்பொருள் அண்மைக் காலத்தில் கிடைத்ததில்லை என்பேன்.

அந்நாளில் நடப்பில் இருந்தது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். அதன் 51-ஆம் பிரிவு, வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றது. 54-ஆம் பிரிவு நாளொன்றுக்கு ஒன்பது மணி என வரம்பிட்டது. 56-ஆம் பிரிவு, இடைவேளை உட்பட வேலை பரந்துகிடக்கும் நேரம் பத்தரை மணியைத் தாண்டலாகாது என்றது. 59-ஆம் பிரிவு மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி தந்தது. புதிய முன்வடிவு இவற்றில் ஒன்றையும் அழிக்கவில்லை. ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. 65-அ என்றொரு புதுப் பிரிவைச் சேர்த்து, எந்தத் தொழிற்சாலைக்கும் இவ்வரம்புகளிலிருந்து விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது, அவ்வளவே. வாரத்துக்கு 48 மணி மாறாது. நாளுக்குப் பன்னிரண்டு மணி வீதம் நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வு பெறலாம். விரும்பும் தொழிலாளிக்கு மட்டுமே இது பொருந்தும் என்று அமைச்சர்கள் விளக்கினர். விரும்பவில்லை என்று சொல்லும் துணிவு ஓர் ஒப்பந்தத் தொழிலாளிக்கு எங்கிருந்து வரும் என்று தொழிற்சங்கங்கள் கேட்டன.

சட்டம் வகுக்கும் கலையெல்லாம் இந்த விலக்கில்தான் அடங்கியிருக்கிறது. அதைக் கற்க சிங்கப்பெருமாள் கோவில் ஊரார் தொலைவு போக வேண்டியதில்லை. பாறையைக் குடைந்து பல்லவர் காலத்தில் அமைத்த குகைக்கோயிலில் பாடலாத்திரி நரசிம்மர் வீற்றிருக்கிறார். நெற்றியின் திருநாமத்தை விலக்கி, விளக்கொளியில் மூன்றாம் கண்ணை அருச்சகர் காட்டுவார். இரணியன் கேட்ட வரத்தைச் சட்ட வரைவாளர் கண்கொண்டு படித்துப் பாருங்கள். மனிதனாலும் கூடாது, விலங்காலும் கூடாது. பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது. உள்ளும் கூடாது, புறமும் கூடாது. எல்லாத் திசையும் அடைத்த வரைவு என்று அவன் எண்ணினான். இரண்டு சொற்களுக்கு நடுவே இருந்த வாயிற்படியை அவன் வரையறுக்கவில்லை. பெருமாள் அந்தியில், அந்த வாயிற்படியில் அமர்ந்தார். இரணியன் வரைவில் இடைவெளி தானாக விழுந்தது. 65-அ பிரிவிலோ வாயிற்படியை வரைவாளரே கட்டிக்கொடுத்துவிட்டார்.

இத்தகைய படிகளைத் தேடிப் பிடிப்பதற்கென்றே சட்டமன்ற நடைமுறையில் ஒரு கட்டம் உண்டு. அமைச்சர் முன்வடிவை அறிமுகம் செய்கிறார். அப்போது பெரும்பாலும் வாதம் இல்லை. அடுத்து, ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்னும் தீர்மானம். கொள்கையைப் பற்றிய பேச்செல்லாம் இங்கே நிகழ்கிறது. தெரிவுக் குழுவுக்கு அனுப்புக என்று கோருவோரும் இங்கேதான் கோரவேண்டும். அதன்பின் வருகிறது கூறுகூறாக ஆயும் கட்டம். ஒவ்வொரு கூறும் தனித்தனியே வாக்குக்கு விடப்படும். முன்வடிவின் பெயரைச் சொல்லும் முதற்கூறு கடைசியில்தான் வரும். உடல் இன்னதென்று முடிவாகாமல் பெயர் வைப்பதெப்படி? உறுப்பினர் ஒரு கூறுக்குத் திருத்தம் தந்திருந்தால், கூறுக்கு முன்பாகத் திருத்தத்தை வாக்குக்கு விடவேண்டும். கூறு நிறைவேறிவிட்டால் கதவு சாத்தப்பட்டதாகப் பொருள். சாத்திய கதவில் திருத்தம் நுழையாது.

இந்த வரிசைக்குள் ஒரு கணக்குப் புதிர் ஒளிந்திருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே 1785-இல் அதை வெளிப்படுத்தினார். 234 பேர் 78 பேர் வீதம் மூன்று அணியாகப் பிரிந்திருப்பதாகக் கொள்வோம். முதல் அணிக்கு மூல முன்வடிவே முதல் விருப்பம். அடுத்தது திருத்திய வடிவு. கடைசியாகப் பழைய சட்டம். இரண்டாம் அணிக்குத் திருத்திய வடிவு, பழைய சட்டம், மூல முன்வடிவு என்பது வரிசை. மூன்றாம் அணிக்குப் பழைய சட்டம், மூல முன்வடிவு, திருத்திய வடிவு. இரண்டிரண்டாக மோதவிட்டால், மூலம் திருத்தத்தை வெல்லும்; திருத்தம் பழைய சட்டத்தை வெல்லும்; பழைய சட்டமோ மூலத்தை வெல்லும். சுற்றிச் சுற்றி வருமேயன்றி அவையின் விருப்பம் இதுதான் என்று எதையும் காட்ட முடியாது. திருத்தத்தை முதலிலும் முன்வடிவை முடிவிலும் வாக்குக்கு விடும் வழக்கமான வரிசையில், திருத்தம் தோற்று, பிறகு மூலமும் தோற்று, பழைய சட்டமே நிலைக்கும்.

நம் பேரவையில் இப்புதிர் எளிதில் தலைகாட்டாது. கொறடாவின் ஆணையும், 1985 முதல் அரசியலமைப்பின் பத்தாம் அட்டவணையாக நிற்கும் கட்சித்தாவல் தடையும் உறுப்பினரின் விருப்ப வரிசையை முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிடுகின்றன. அதனால் கூறுகூறாக ஆய வேண்டிய கட்டம், அவைத்தலைவர் கூறின் எண்ணைச் சொல்வதும் ‘ஆம்’ என்னும் ஒலி எழுவதுமாகச் சில நொடிகளில் கரைந்துபோகிறது. பேரவையின் உயிர்நாடியாக இருக்க வேண்டிய கட்டம், அதன் மிக விரைவான கட்டமாகிவிட்டது என்பதே என் முதன்மையான மனக்குறை.

அந்த ஒலியைச் சற்று நின்று கேட்போம். ஏற்போர் ‘ஆம்’ என்கின்றனர், மறுப்போர் ‘இல்லை’ என்கின்றனர். எது மிகுந்தது என்று அவைத்தலைவர் தம் செவியால் தீர்க்கிறார். இங்கே அளவுகருவி மனிதச் செவி. அதன் துல்லியம் எவ்வளவு?

செவி ஒலியைக் கூட்டல் கணக்கில் அளப்பதில்லை. மடக்கைக் கணக்கில் அளக்கிறது. கொசுவின் ரீங்காரமும் இடியும் ஒரே செவிக்குள் அடங்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை. ஒரே வலிமையுள்ள குரல்களின் எண்ணிக்கை இருமடங்கானால் ஒலியளவு 3 டெசிபல்தான் உயரும். ஓசை இருமடங்கானது என்று மனம் உணர வேண்டுமானால் 10 டெசிபல், அஃதாவது பத்து மடங்கு குரல்கள் வேண்டும். அமைதியான ஆய்வுக்கூடத்தில், பழகிய செவி பிரித்தறியும் மிகச்சிறு வேறுபாடு ஏறத்தாழ ஒரு டெசிபல். இதைப் பேரவைக்குப் பொருத்துவோம். வாக்குகள் சமமானாலன்றி அவைத்தலைவர் வாக்களிப்பதில்லை. ஆகவே 233 குரல்கள். 130 பேர் ‘ஆம்’, 103 பேர் ‘இல்லை’ என்றால் வேறுபாடு சரியாக ஒரு டெசிபல் அளவில் நிற்கும். 27 வாக்குப் பெரும்பான்மையே செவியின் விளிம்பில்தான் இருக்கிறது! 117-க்கு 116 என்றால் வேறுபாடு 0.04 டெசிபல்; அதை எந்தச் செவியும் கேளாது. அடிவயிற்றிலிருந்து கத்துகிற ஒருவர், மெல்லச் சொல்லும் பத்துப் பேருக்கு ஈடாவார் என்பதையும், ஆளுங்கட்சி அவைத்தலைவரின் வலப்புறமும் எதிர்க்கட்சி இடப்புறமும் அமர்கின்றன என்பதையும் சேர்த்துக்கொண்டால், கருவியின் பிழை இன்னும் பெருகும். வாக்கெடுப்புக்கு முன்பே வெளிநடப்பு செய்தவரின் ‘இல்லை’ இக்கருவியில் பதிவாவதே இல்லை. அவைக்கு வந்து வாக்களிப்போரில் பெரும்பான்மை என்பதே அரசியலமைப்பின் 189-ஆம் உறுப்பு சொல்லும் கணக்கு. அவை கூடுவதற்கு வேண்டிய குறைந்த எண்ணிக்கையோ பத்தில் ஒரு பங்கு, 24 பேர்தான்.

ஐயம் எழுந்தால் எண்ணிக் கணிக்கும் முறையைக் கோரலாம். கதவுகள் அடைக்கப்படும், உறுப்பினர்கள் எழுந்து நிற்க, பேரவை அலுவலர்கள் தலைகளை எண்ணுவர். 2017 பிப்ரவரி 18 அன்று, எடப்பாடி பழனிசாமி அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில், அமளிக்கும் வெளியேற்றத்துக்கும் பிறகு, 122-க்கு 11 என்று எண்ணினர். செவியால் அளந்திருந்தால் பத்தரை டெசிபல் வேறுபாடு. பதினொரு மடங்கு பெரும்பான்மையைச் செவி இருமடங்கு என்றே உணர்ந்திருக்கும். 2023 ஏப்ரல் 10 அன்றும் தலைகள் எண்ணப்பட்டன. முன்வடிவுகளுக்கு இசைவு தர ஆளுநருக்குக் கால வரம்பு வேண்டும் என்னும் தீர்மானத்துக்காகப் பேரவை விதியொன்றைத் தளர்த்த நாலில் மூன்று பங்கு ஆதரவு தேவைப்பட்டது. கிடைத்தது 144, எதிர்ப்பு 2. முடிவில் எவருக்கும் ஐயமில்லாத பொருளுக்கு எண்ணினார்கள். பதினொரு நாள் கழித்து, ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளான பொதுவுடைமைக் கட்சிகளும் விடுதலைச் சிறுத்தைகளுமே எதிர்த்து வெளிநடப்பு செய்த பன்னிரண்டு மணி நேர முன்வடிவுக்குச் செவி போதுமென்று விட்டார்கள்.

அவைக்குள் நடவாத கூறாய்வு தெருவில் நடந்தது. விலக்கு யாருக்கு, எத்தனை நாளுக்கு, பெண்கள் இரவில் எப்படி வீடு திரும்புவர் என்று ஆலை வாயில்களில் வரிவரியாகப் பிரித்துக் கேட்டனர். ஏப்ரல் 24 அன்று அமைச்சர்கள் தொழிற்சங்கங்களோடு பேசினர். முன்வடிவு நிறுத்திவைக்கப்படுவதாக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். மே முதல் நாள், சென்னை மே நாள் பூங்காவில், அது திரும்பப் பெறப்பட்டதாகச் சொன்னார். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடி அன்றோடு நூறாண்டு நிறைந்திருந்தது. ஆளுநரின் இசைவைப் பெறாத முன்வடிவு, முடிந்துபோன கூட்டத்தொடரின் நிறைவேற்றத்தோடு அப்படியே நின்றுபோயிற்று. நிறைவேற்றியது பேரவை, திரும்பப் பெற்றதாக அறிவித்தது பூங்கா மேடை. விளைவு எனக்கு உவப்பானதே, வழி உவப்பானதன்று. பேரவை தந்த ‘ஆம்’ஐப் பேரவையே ‘இல்லை’ என்று மாற்றியிருக்க வேண்டும்.

தொழிற்சாலைகள் என்னும் பொருள் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மாநிலமும் ஒன்றியமும் சட்டம் செய்யலாம். 2025 நவம்பர் 21 அன்று ஒன்றியத்தின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. நாளுக்கு எட்டு மணி என்பது அங்கே எழுதப்பட்டிருக்கிறது. வேலை எவ்வளவு நேரம் பரந்துகிடக்கலாம் என்பதை உரிய அரசு அறிவிக்கையால் வரையறுக்கலாம் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.

ஒரகடம் முனையில் ஏறியவர்கள் ஆலை வாயிலில் இறங்கி வரிசையில் நிற்கின்றனர். சுவரில் பதித்த சிறு கருவியில் ஒவ்வொருவராகப் பெருவிரலை வைக்கின்றனர். பச்சை விளக்கு மின்னுகிறது. பெயர், நாள், மணி, நிமிடம் பதிவாகின்றன. மூன்று நிமிடம் பிந்தினால் மாதக் கடைசியில் அந்த மூன்று நிமிடமும் காகிதத்தில் நிற்கும். இவர்களின் வேலைநேரத்தை மாற்ற முனைந்த 2023 ஏப்ரல் 21-ஆம் நாள் வாக்கெடுப்பில் ‘ஆம்’ என்றவர் எத்தனை பேர், ‘இல்லை’ என்றவர் எத்தனை பேர் என்பதற்கு எண் கிடையாது.