எல்ல இறக்கத்துக்கு முன்னால்

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்பா லொறி கிளீனராக இருந்தார். லொறி கழுவுவதைவிடக் கட்டை போடுவதுதான் அவருக்குப் பெரிய வேலை. ஆப்பு மாதிரிச் செதுக்கிய பலாக்கட்டை ஒன்று எப்போதும் அவர் காலடியில் கிடக்கும். ஏற்றத்தில் லொறி திணறினால் குதித்து ஓடிப் பின் டயருக்கு அடியில் செருகிவிடுவார். இறக்கத்தில் பீலித் தண்ணீர் விழும் முடக்கில் டிரைவர் நிறுத்துவார். அப்பா குனிந்து ஒவ்வொரு பிரேக் டிரம்மையும் முகர்ந்து பார்ப்பார். பிறகு விரல் நுனியால் தண்ணீர் தெளிப்பார். 'சொய்' என்று கேட்டால் சூடு ஆறும்வரை லொறி நகராது. கொழுந்து வாடினாலும் சரி, பெரிய துரை சத்தம் போட்டாலும் சரி.

விடாமல் மிதித்தால் லைனிங் சூடேறிப் பிடி விட்டுப்போகும், அதனால் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது அவருக்கு மலை கற்றுக்கொடுத்த பாடம். பிள்ளைத்தாச்சியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அந்த லொறிதான். பிரேக்கைப் பார்த்தவர்களின் பெண்டாட்டி பிள்ளைகளும் அதில்தான் ஏறினார்கள்.

1992இல் தோட்டங்கள் கம்பெனி நிர்வாகத்துக்குப் போயின. எங்கள் தோட்டத்தில் இன்று அந்த லொறியும் இல்லை, அதைக் கழற்றிப் பூட்டிய பட்டறையும் இல்லை. கொழுந்து கூலி லொறியில் போகிறது. பிள்ளைகள் முச்சக்கர வண்டியில் நெருக்கியடித்துப் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

இந்த வண்டிகளுக்கு வருடா வருடம் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழ் வேண்டும். 2008இல் தொடங்கிய நல்ல ஏற்பாடு அது, குறை சொல்லமாட்டேன். ஆனால் அது பார்ப்பது புகையை மட்டும். பிரேக்கைப் பார்க்கும் தகுதிச் சான்றிதழ் பஸ், லொறி போன்ற வணிக வாகனங்களுக்குத்தான். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் அங்கீகரித்த கராஜ்கள் அதைக் கொடுக்கின்றன. பிள்ளைகளை ஏற்றும் முச்சக்கர வண்டியிடம் அதை யாரும் கேட்பதில்லை. இந்த மலையில் அது என்னைத் தூங்கவிடாத விஷயம்.

எல்லயிலிருந்து வெல்லவாய 30 கிலோமீற்றர்கூட இல்லை. அதற்குள் பாதை ஏறத்தாழ 800 மீற்றர் இறங்குகிறது. 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு தங்காலை நகர சபை ஊழியர்களை ஏற்றிவந்த பஸ் அந்த இறக்கத்தில் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். செய்தி கேட்டதும் எங்கள் லயத்தில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "பிரேக் பிடிக்கலையா?"

தம்பி மகன் பழைய லொறி ஒன்று வாங்கியிருந்தான். மரக்கறி ஏற்றி அதே பாதையில்தான் ஓட்டம். அதற்குத் தகுதிச் சான்றிதழ் எடுக்கக் கூடப் போனேன். முதல் கராஜில் நாங்கள் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் படிவம் நிரம்பிவிட்டது. டயர் கழற்றவில்லை, ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வேல சுருக்கா முடிஞ்சிருச்சே பெரியப்பா" என்றான் பையன். எனக்கு அடிவயிறு கலங்கியது. அந்தப் படிவத்தை வாங்காமல் அவனைப் பதுளையில் இன்னொரு கராஜுக்கு இழுத்துப்போனேன்.

அங்கிருந்த பாஸ் வயதானவர். லொறியின் புத்தகத்தை அவர் கேட்கவில்லை.

"எந்தப் பாதையில ஓடுறது?"

"எல்ல, வெல்லவாய."

உடனே ஜாக்கியை எடுத்துவரச் சொன்னார். பின் சில்லு இரண்டையும் கழற்றி, டிரம்மை உருவி, லைனிங்கை நகத்தால் சுரண்டிக் காட்டினார். ஒரு பக்கம் ரிவெட் தலை வெளியே தெரிந்தது. டிரம்மின் உட்புறத்தில் அது வட்டமாகக் கோடு கிழித்திருந்தது. பிரேக் ஒயில் தேத்தண்ணிச் சாயமாகக் கறுத்துக் கிடந்தது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் சேர்ந்த ஒயில் சூட்டில் சீக்கிரம் கொதித்துவிடும், அப்புறம் மிதி வெறுமனே உள்ளே போகும் என்று பையனுக்குப் பொறுமையாக விளக்கினார்.

"இன்னைக்குச் சான்றிதழ் இல்ல. லைனிங் அடிச்சிட்டு வெள்ளிக்கிழமை கொண்டுவா. நான் ஓட்டிப் பார்த்துட்டுத் தர்றேன்."

பையனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. இரண்டு ஓட்டம் போய்விடும். நான் அந்த டிரம் பக்கத்தில் குனிந்தேன். அப்பா முகர்ந்து பார்த்த அதே கருகல் வாசம்.