பூஜ்யம் எத்தனை? ரூலெட் சக்கரங்களின் கணக்கு

எண்ணிட்ட குழிகள் கொண்ட சக்கரத்தை ஒரு பக்கமாகச் சுழற்றி, எதிர்ப்பக்கமாகச் சிறு குண்டை ஓடவிட்டு, அது எந்தக் குழியில் விழும் என்று பணம் கட்டும் சூதாட்டமே ரூலெட். 18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் உருவெடுத்த இந்த ஆட்டம் இன்று கோவாவின் மாண்டவி ஆற்றுக் கப்பல்களிலும், கொழும்பிலும், சிங்கப்பூரிலும், மலேசியாவின் கெந்திங் மலையிலும் நடக்கிறது. பார்வைக்கு எல்லாச் சக்கரங்களும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு பூஜ்யத்தில் இருக்கிறது.

ஐரோப்பியச் சக்கரத்தில் 1 முதல் 36 வரையிலான எண்களும் ஒரு பூஜ்யமுமாக 37 குழிகள். ஓர் எண்ணில் பணம் கட்டி அதே எண் விழுந்தால், கட்டிய பணம் போக 35 மடங்கு கிடைக்கும். ஒருவர் 37 எண்களிலும் தலா 100 ரூபாய் வைப்பதாகக் கொள்வோம். மேசையில் இருப்பது 3,700 ரூபாய். எந்த எண் விழுந்தாலும் அவர் கைக்குத் திரும்புவது 3,600. மீதி 100 ரூபாய் சூதாட்ட விடுதிக்கு, அதாவது 2.70 சதவீதம். குழியின் நிறம் சிவப்பு, கருப்பு என்றோ எண் ஒற்றை, இரட்டை என்றோ கட்டினாலும் இதே விகிதம்தான். பூஜ்யம் அந்தப் பிரிவுகள் எதிலும் சேராது. அது விழுந்தால் எல்லாப் பக்கத்துப் பணமும் போய்விடும்.

அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைப் பூஜ்யம் என்று இன்னொரு குழி உண்டு. குழிகள் 38 ஆகின்றன. பட்டுவாடா மட்டும் அதே 35 மடங்குதான். விடுதியின் பங்கு 5.26 சதவீதமாக, ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இரண்டு பூஜ்யங்களையும் 1, 2, 3 ஆகியவற்றையும் சேர்த்துக் கட்டும் ஐந்தெண் பந்தயம் இதனினும் மோசம். அதற்கு 6 மடங்குதான் தருகிறார்கள். விடுதி எடுத்துக்கொள்வது 7.89 சதவீதம். அண்மைக்காலத்தில் லாஸ் வேகாஸில் மூன்று பூஜ்யச் சக்கரங்களும் வந்துவிட்டன. 39 குழிகள், 7.69 சதவீதம்.

இவற்றுள் ஆடுபவருக்குக் குறைந்த நட்டம் தருவது பிரெஞ்சு விதி. சக்கரம் ஐரோப்பியச் சக்கரம்தான். ஆனால் சிவப்பு, கருப்பு போன்ற சரிபாதிப் பந்தயங்களில் பூஜ்யம் விழுந்தால் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். அந்தப் பந்தயங்களில் விடுதியின் பங்கு 1.35 சதவீதமாக இறங்குகிறது. தனி எண்ணில் கட்டுபவருக்கு இந்தச் சலுகை இல்லை.

சதவீதமாகச் சொன்னால் எல்லாமே சிறிதாகத் தெரியும். 100 ரூபாய் வீதம் 40 சுற்று சிவப்பில் கட்டுபவர் சராசரியாக இழப்பது பிரெஞ்சு விதியில் 54 ரூபாய், ஐரோப்பியச் சக்கரத்தில் 108, அமெரிக்கச் சக்கரத்தில் 210, மூன்று பூஜ்யத்தில் 308. ஆட்டம் நீள நீள இந்தத் தொகையும் நீளும். திரையில் ஓடும் ரூலெட் இதனால்தான் கூடுதல் ஆபத்து: ஒரு மணி நேரத்தில் மேசையைவிடப் பல மடங்கு சுற்றுகள் முடிந்துவிடும்.

திண்டுக்கல், பழனி வட்டாரத்தார் கேசினோவைப் பார்க்காவிட்டாலும் திருவிழாத் திடல்களில் பகடைக் கட்டைகளை உருட்டி ஆடும் லங்கர் கட்டையை அறிவார்கள். அந்தக் கட்டைகளில் உள்ள நங்கூரம், கிரீடம், ஆர்ட்டின், டைமண்ட், கிளாவர், இஸ்பேடு என்ற ஆறு சின்னங்களும் பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகள் ஆடிய 'கிரவுன் அண்ட் ஆங்கர்' ஆட்டத்தின் சின்னங்களே. மூன்று கட்டைகளை உருட்டி, கட்டிய சின்னம் ஒன்று விழுந்தால் ஒரு மடங்கு, இரண்டுக்கு இரு மடங்கு, மூன்றுக்கு மும்மடங்கு என்ற கணக்கில் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். ஆறு பேர் ஆறு சின்னங்களில் தலா 100 ரூபாய் வைக்கிறார்கள். மூன்று கட்டையும் வெவ்வேறு சின்னம் காட்டினால் மூவர் இழந்தது மூவருக்குப் போகும். ஆட்டம் நடத்துபவருக்கு ஒன்றுமில்லை. இரண்டு ஒன்றாக விழுந்தால் நால்வர் 400 இழக்க, இருவருக்குப் போவது 300, நடத்துபவருக்கு 100. மூன்றும் ஒன்றானால் 500 வந்து 300 போகும், அவருக்கு 200. மொத்தமுள்ள 216 வாய்ப்புகளில் முதல் வகை 120, இரண்டாவது 90, மூன்றாவது 6. கூட்டிக் கழித்தால் அவர் பங்கு 7.87 சதவீதம். கட்டைகளில் கள்ளம் எதுவும் இல்லாதபோதே, மூன்று பூஜ்யச் சக்கரத்தைவிட இது அதிகம். ஆறு பேரில் மூவர் ஜெயிக்கும் சுற்றுகளே மிகுதி என்பதால் கூட்டம் இதை நியாயமான ஆட்டம் என்று நம்பிவிடுகிறது.

தோற்றால் அடுத்த சுற்றில் இரட்டிப்பாகக் கட்டுவது எல்லா ஆட்டங்களிலும் சொல்லப்படும் உபாயம். 100 ரூபாயில் தொடங்கித் தொடர்ந்து ஏழு முறை தோற்றவர் 12,700 ரூபாயை விட்டிருப்பார். வெறும் 100 ரூபாய் லாபத்துக்காக அடுத்து 12,800 கட்ட வேண்டும். ஐரோப்பியச் சக்கரத்தில் இப்படி ஏழு தோல்விகள் வரிசையாக வருவது ஏறத்தாழ 106-இல் ஒரு வாய்ப்பு. மேசையின் உச்சவரம்பு பல இடங்களில் அதற்கு முன்பே தடுத்துவிடும். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோவில் கருப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. இனிச் சிவப்புதான் என்று கட்டிக்கொண்டே போனவர்கள் பெரும்பணம் இழந்தார்கள். முந்தைய சுற்று எதையும் குண்டு நினைவில் வைப்பதில்லை.

கணக்கால் வெல்ல முடியாத சக்கரத்தை இயற்பியலால் வெல்ல முயன்றவர்கள் உண்டு. 1961-இல் கணிதவியலாளர்கள் எட்வர்ட் தார்ப்பும் கிளாட் ஷானனும் உடலில் மறைத்து அணியும் சிறு கணினியால் குண்டின் வேகத்தை அளந்து, அது விழும் பகுதியைக் கணித்தார்கள். அத்தகைய கருவிகளை நெவாடா மாநிலம் 1985-இல் சட்டப்படி தடை செய்தது.

தமிழ்நாட்டில் பணம் வைத்தாடும் எந்த ரூலெட்டுக்கும் அனுமதி இல்லை. பொதுவான சூதாட்டங்களுக்கு 1930-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அதன்படி ஆடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.