மெஷ் வாங்கும் முன் ஒயரைப் பாருங்கள்

டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது. கீழே இரண்டு படுக்கையறை, மேலே மூன்று, மொட்டைமாடியில் ஓர் அறை என்று வீடு கட்டிக் குடிவந்தவர்கள் முதலில் கேட்பது, "எந்த கம்பெனி மெஷ் வாங்கலாம்?" என்பதுதான். மாடிப்படியில் உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு கேட்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைக்காகவே சொல்கிறேன்: பெட்டியின் பெயருக்கு முன்னால் வீட்டின் சுவரைப் பற்றிப் பேசிவிடுவோம்.

'3,000 சதுர அடி வரை' என்று அட்டையில் போட்டிருப்பது நம் சுவர்களை வைத்து அளந்தது அல்ல. மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த அமெரிக்க வீட்டில் அலை எளிதாகப் புகுந்து போகும். நம் வீட்டில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். தலைக்கு மேலே கம்பி பின்னிய காங்கிரீட் தளம். வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் வேகம் குறைவு. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். தெருவில் உள்ள எல்லா ரௌட்டரும் அந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் களைத்துவிடும். தளத்தைத் துளைத்து மேலே போவது அதற்கு இன்னும் கஷ்டம். மாடிக்குச் சிக்னல் வருகிறதென்றால், பெரும்பாலும் படிக்கட்டுத் திறப்பு வழியாகத்தான் ஏறி வருகிறது. (காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் இதைவிடத் தடிமன். ஆனாலும் நடுவில் முற்றம் திறந்திருப்பதால், முற்றத்தைப் பார்த்தபடி ஒரு பெட்டி வைத்தால் சுற்றியுள்ள தாழ்வாரம் முழுக்க நன்றாக எடுக்கும்.)

செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். மோடத்துக்குப் பக்கத்தில் நின்று போனில் ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். அங்கேயே வேகம் இல்லையென்றால் கோளாறு லைனிலோ மோடத்திலோ இருக்கிறது, எத்தனை மெஷ் வாங்கினாலும் தீராது. அங்கே நன்றாக வந்தால், அறை அறையாகப் போய், கதவைச் சாத்திவிட்டு அளந்து, ஒரு தாளில் குறியுங்கள். பிறகு மோடம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஃபைபர் வாசல் பக்கம் வருவதால் பல வீடுகளில் அது முன்னறை மூலையில், டிவிக்குப் பின்னால் இருக்கும். சிலர் அழகுக்காக அலமாரிக்குள் வைத்துப் பூட்டியும் விடுகிறார்கள். ஃபைபர்காரரிடம் கேட்டால் அந்த மெல்லிய ஒயரைப் படிக்கட்டு ஓரம் வரை இழுத்துத் தருவார். அங்கே ஆள் உயரத்துக்கு மேல் மாட்டினாலே சில வீடுகளில் மெஷ் தேவைப்படாமல் போய்விடும்.

அப்படியும் எட்டவில்லையென்றால்தான் மெஷ். மெஷ் என்பது ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில் வேலை செய்யும் இரண்டு மூன்று பெட்டிகள். நீங்கள் நடக்க நடக்க, போன் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பெட்டிகள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதில்தான் நீங்கள் கொடுக்கும் காசின் பலன் இருக்கிறது. ஒயர் இல்லாமல் வைத்தால் அவை காற்றிலேயே டேட்டாவைக் கைமாற்ற வேண்டும். கட்டட வேலையில் செங்கல் கைமாற்றுகிறவரைப் பார்த்திருப்பீர்கள்: ஒன்றை வாங்கி, திரும்பி, கொடுத்த பிறகுதான் அடுத்ததை வாங்க முடியும். இரண்டு அலைவரிசை மட்டுமே உள்ள மெஷ்ஷின் நடுப்பெட்டிக்கும் அதே நிலைமை. வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதற்கடுத்தும் ஒரு பெட்டி இருந்தால் இன்னும் குறையும். ட்ரை பேண்ட் பெட்டியில் இந்தக் கைமாற்றலுக்கென்றே தனியாக ஓர் அலைவரிசையை ஒதுக்கலாம், விலைதான் கூடும்.

பலர் சிக்னல் வராத அறைக்குள்ளேயே இரண்டாவது பெட்டியைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். போனுக்கே எட்டாத இடத்தில் பெட்டிக்கு மட்டும் எப்படி எட்டும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில், அந்த அறைக்குப் பாதி வழியில் வையுங்கள்.

இதையெல்லாம் விட நல்ல வழி, கீழிருந்து மேலே ஓர் ஒயர். கேட் 6 ஒயர் நூறு மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைக் குறைவில்லாமல் கொண்டுபோகும். எத்தனை சுவர் குறுக்கே நின்றாலும் அதற்குக் கவலையில்லை. பழைய கேபிள் டிவி ஒயர் போகும் பைப் பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. எலக்ட்ரீஷியனை விட்டு அதில் ஸ்பிரிங் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் சேர்த்து இழுக்க விடாதீர்கள். கடையில் முழுச் செம்பு ஒயர் என்று கேட்டு, நுனியைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, வேண்டாம். இப்போதுதான் வீடு கட்டுகிறீர்கள் என்றால், பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு தளத்துக்கும் இதற்கென்று ஒரு தனி பைப் பதிக்கச் சொல்லுங்கள். பின்னால் சுவரைக் கொத்தும் செலவோடு ஒப்பிட்டால் அந்த பைப்பின் விலை ஒன்றுமே இல்லை.

பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 'ஏஎக்ஸ் 3000' என்பது 2.4-இன் 574, 5-இன் 2,402 எம்பிபிஎஸ் இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண்; ஒரு போனுக்கு அத்தனையும் கிடைக்காது. வைஃபை 6 போதும். 4கே படம் ஒன்று பார்க்க 15 எம்பிபிஎஸ் வேகம் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. 100, 200 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருக்கும் வீட்டுக்கு வைஃபை 7 அவசியமில்லை. ஆனால் போர்ட் கிகாபிட்டா என்று கட்டாயம் பாருங்கள். சில மலிவுப் பெட்டிகளில் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான் இருக்கும், நீங்கள் இழுத்த நல்ல ஒயர் அங்கே வீணாகும். ஒரே கம்பெனிப் பெட்டிகளாக வாங்குங்கள்.

மாட்டும்போது மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (ரௌட்டர் வேலையை மோடத்திடமே விட்டுவிட்டு வைஃபை மட்டும் தரும்படி) போட்டு, மோடத்தின் வைஃபையை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் ஓடி, போன் ஒன்றிலும் பிரிண்டர் இன்னொன்றிலுமாகத் தேடிக்கொண்டிருக்கும். பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே புதிதுக்குக் கொடுத்தால் டிவி, கேமரா எல்லாம் தானாகச் சேர்ந்துகொள்ளும். மாடிப் பெட்டி செருகும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும்.

ஒயர் இல்லாத மூன்று பெட்டியைவிட ஒயரில் இணைத்த இரண்டு பெட்டி மேல். எனவே எலக்ட்ரீஷியனை முதலில் கூப்பிடுங்கள், கடைக்கு அப்புறம் போகலாம்.