கடலருகே ஒரு காரோணம்: நாகைத் திருத்தலச் சிறப்பு

சோழநாட்டுத் தலயாத்திரை மேற்கொள்ளும் அன்பர்கள் திருவாரூரில் தியாகேசரைத் தொழுகின்றனர். சிக்கலில் சிங்காரவேலவரை வணங்குகின்றனர். திருநள்ளாற்றில் சனி பகவானை வழிபட்டு ஊர் திரும்புகின்றனர். நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கும் வருவோரின் கூட்டமோ சொல்லி முடியாதது. இத்தனை ஊர்களுக்கும் நடுவில் அமைந்த நாகப்பட்டினத்தைப் பேருந்து மாறும் ஊராக மட்டுமே பலர் அறிவர். மூவர் முதலிகளும் பாடிய சிவத்தலம், திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திவ்ய தேசம், அறுபத்து மூவருள் ஒருவர் அவதரித்த பதி ஆகிய மூன்று பெருமைகளும் ஒருசேர அமைந்த கடற்கரை நகரம் இது. ஒருநாள் தங்கி வழிபடுவோர்க்கு இந்நகர் அளிக்கும் பயன் பெரிது.

காரோணம் என்னும் பெயர்

இத்தலத்தின் தேவாரப் பெயர் திருநாகைக்காரோணம். காவிரித் தென்கரைத் தலங்களுள் ஒன்று. புண்டரீக முனிவரை இறைவன் அவருடைய உடலோடு தம்முள் ஏற்றுக்கொண்டார் என்பது தலபுராணம். காயம் என்பது உடல். ஆரோகணம் என்பது மேலேறுதல். காயாரோகணம் என்பதே காரோணம் என மருவிற்று. குடந்தைக் காரோணம், கச்சிக் காரோணம் என வேறு இரு தலங்களும் தமிழகத்தில் உள்ளன. குசராத்தில் பாசுபத நெறியின் ஆசாரியராகிய இலகுலீசரோடு தொடர்புடைய ஊரும் இதே பெயர் கொண்டது. வடக்கே தோன்றிய ஒரு சைவநெறி தென்கடற்கரை வரை பரவியமைக்கு இப்பெயர் சான்றாக விளங்குகிறது. ஆதிசேடன் முதலிய நாகங்கள் வழிபட்டமையால் நாகை என்னும் பெயர் வந்தது என்பர்.

நீலாயதாட்சி அம்மை

அருள்மிகு காயாரோகணசுவாமியுடன் எழுந்தருளியிருக்கும் அம்மையின் திருநாமம் நீலாயதாட்சி. நீலம் என்பது கருநீல நிறத்தையும், ஆயதம் என்பது நீண்டு அகன்றதையும், அட்சி என்பது கண்ணுடையவள் என்பதையும் குறிக்கும். கருந்தடங்கண்ணி என்னும் தமிழ்ப்பெயர் இப்பொருள் அனைத்தையும் ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறது. முத்துசாமி தீட்சிதர் இவ்வம்மையை நீலாம்பரி இராகத்தில் பாடிப் பரவியுள்ளார். அம்மைக்குரிய ஆடிப்பூர விழா இங்குச் சிறப்பாக நடைபெறுகிறது.

இது சப்தவிடங்கத் தலங்களுள் ஒன்றாகும். இங்குள்ள தியாகேசருக்குச் சுந்தரவிடங்கர் என்று பெயர். அவர் ஆடும் நடனம் பாராவார தரங்க நடனம் எனப்படும். பாராவாரம் என்றால் கடல்; தரங்கம் என்றால் அலை. கடலலை எழுந்தும் தாழ்ந்தும் வருவது போன்ற ஆட்டம் என்பது கருத்து. கோயிலில் தியாகேசரைத் தரிசித்தபின் கடற்கரைக்குச் சென்று அலைகளைக் காணும் அன்பர்க்கு இப்பெயரின் பொருள் தானே விளங்கும்.

சுந்தரர் வேண்டிய பொருள்கள்

இத்தலத்துக்குத் திருஞானசம்பந்தர், திருநாவுக்கரசர், சுந்தரர் ஆகிய மூவரின் பதிகங்களும் உள்ளன. சுந்தரர் தம் பதிகத்தில் இறைவனிடம் தோழமை உரிமையோடு பொன்னும் முத்தும் பட்டும் கத்தூரியும் விரைந்து செல்லும் குதிரையும் உடைவாளும் வேண்டுகிறார். துறவியர் வேண்டத்தக்க பொருள்களா இவை என ஐயுறுவோர், அவை எவ்வூரில் வேண்டப்பட்டன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடல்வழி வரும் அரும்பொருள்கள் வந்து இறங்கும் துறைமுகம் நாகை. ஊரில் உள்ள செல்வம் அனைத்தும் ஊருக்கு உடையவனாகிய இறைவனுக்கே உரியது என்னும் உறுதியோடு, அவற்றை அவனிடமே கேட்கிறார் வன்தொண்டர். தம்மை நாடி வரும் அடியார்க்கு வழங்கவே அவர் பொருள் வேண்டுவது வழக்கம் என்பதைப் பெரியபுராணம் கற்றோர் அறிவர்.

அதிபத்தர் விட்ட மீன்

நாகையை அடுத்த நுளைப்பாடியில் வாழ்ந்த மீனவர் தலைவர் அதிபத்த நாயனார். நாள்தோறும் வலையில் கிடைக்கும் மீன்களுள் சிறந்த ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர்தம் நியமம். ஒருகால் மீன்வளம் குன்றியது. பல நாள் ஒரே ஒரு மீனே கிடைத்தது. அதனையும் இறைவனுக்கென்றே விட்டார். வீட்டில் பசி மிகுந்தது, உடல் தளர்ந்தது, நியமம் தளரவில்லை. முடிவில் ஒருநாள் பொன்னும் மணியும் இழைத்த மீன் ஒன்று வலையில் அகப்பட்டது. உடனிருந்த பரதவர் வியந்தனர். அன்று கிடைத்ததும் அந்த ஒரு மீனே. அதனையும் அதிபத்தர் தயங்காது அலைமேல் விட்டார். அக்கணமே இறைவன் விடைமேல் தோன்றி அவரை ஆட்கொண்டார்.

ஒரு நாள் கூலியை ஈவது எளிது. பல நாள் பட்டினிக்குப்பின் கிடைத்த ஒன்றை ஈவது அரிது. அதனினும் அரிது, குடும்பத்தின் வறுமையையே தீர்க்கவல்ல செல்வத்தை ஈவது. இம்மூன்று படிகளையும் கடந்தவர் அதிபத்தர். ஆவணி ஆயில்யம் அவருடைய குருபூசை நாள். ஆவணித் திங்களில் இறைவன் கடற்கரைக்கு எழுந்தருள, மீனவப் பெருமக்கள் பொன்மீன் விழாவைப் பக்தியுடன் நடத்துகின்றனர்.

சௌந்தரராசப் பெருமாள்

சிவாலயத்தை வழிபட்ட அன்பர்கள் அடுத்துச் செல்ல வேண்டியது அருள்மிகு சௌந்தரராசப் பெருமாள் திருக்கோயில். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றான திருநாகை இதுவே. திருமங்கையாழ்வார் தம்மை ஒரு தலைவியாகப் பாவித்து, இப்பெருமானின் பேரழகில் மயங்கிப் பத்துப் பாசுரங்கள் அருளியுள்ளார். தாயார் சௌந்தரவல்லி. இங்குள்ள எட்டுக் கரங்களையுடைய நரசிம்மரின் செப்புத்திருமேனி ஊன்றிக் காணத்தக்கது. இரணியனை வதைக்கும் கோலத்தில், ஒரு கரம் பிரகலாதனுக்கு அருள் செய்கிறது. சினமும் கருணையும் ஒரே திருமேனியில் விளங்கும் காட்சி இது.

கடல் கடந்து வந்த காணிக்கை

பொன்னியின் செல்வன் புதினத்தைப் படித்தவர்கள் சூடாமணி விகாரத்தை மறக்கமாட்டார்கள். கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் ஆண்ட மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகையில் எழுப்பிய பௌத்தப் பள்ளி அது. முதலாம் இராசராச சோழன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அதற்கு அளித்தான். அக்கொடையைக் கூறும் 21 ஏடுகள், பின்னர் ஹாலந்து நாட்டின் லைடன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டமையால் லைடன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன.

சிவநெறிச் செல்வனாகிய சோழ வேந்தன் பௌத்தப் பள்ளிக்கு ஊர் ஈந்ததைப் பலரும் எடுத்துரைப்பர். அதன் மறுபக்கம் காயாரோகணர் கோயில் கல்வெட்டுகளில் உள்ளது. அக்கடல்கடந்த மன்னர்களின் அதிகாரிகள் இச்சிவாலயத்துக்கு அணிகலன்களும், சீனக்கனகம் எனப்பட்ட சீனப்பொன்னும் காணிக்கையாக அளித்த செய்தியை அவை தெரிவிக்கின்றன. ஈந்தவர் நெறி வேறு. ஏற்ற தெய்வம் வேறு. மதிப்பு மட்டும் இரு திசையிலும் ஒன்றாகவே சென்றது. பிற்காலத்தில் நாகூர் தர்காவின் உயர்ந்த மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் எழுப்பியதும் இவ்வழிமுறையின் தொடர்ச்சியே.

பௌத்தக் கட்டடங்களுள் எஞ்சி நின்ற செங்கற்கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. இன்று அதனைத் தேடுவோர் காண்பதற்கு ஒன்றுமில்லை. 1856 முதல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த புத்தர் செப்புத்திருமேனிகள் ஏறத்தாழ 350; அவற்றுள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் காணலாம்.

ஏற்றமும் இறக்கமும்

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இங்கு வணிகம் செய்தனர். 1658இல் டச்சுக்காரரும் 1781இல் ஆங்கிலேயரும் நகரைக் கைப்பற்றினர். 1799 முதல் 1845 வரை தஞ்சை மாவட்டத்தின் தலைநகர் நாகையே. மலாயாவுக்குப் பிழைக்கச் சென்ற தமிழர் பல்லாயிரவர் கப்பலேறிய துறையும் இதுவே. தாய்மண்ணில் அவர்கள் இறுதியாகக் கண்டது இவ்வூர்க் கரையைத்தான். தலைநகர் மாறியது, இருப்புப்பாதைப் பணிமனை திருச்சிப் பொன்மலைக்குச் சென்றது, பெருங்கப்பல்களும் வேறு துறைகளை நாடின. நகரின் ஆரவாரம் அடங்கியது. ஆலயங்களின் தீபாராதனை தொடர்ந்தது. 2023 அக்டோபரில் நாகைக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் விடப்பட்டபோது பழைய கடல்வழி மீண்டும் பேசப்பட்டது.

அலை கொண்டு சென்றதும் மீந்து நின்றதும்

26.12.2004 அன்று காலை, சுமத்திரா அருகே கடலடியில் எழுந்த பெருநிலநடுக்கத்தால் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. ஸ்ரீவிசய மன்னரின் காணிக்கை புறப்பட்டு வந்த அதே திசையிலிருந்து பேரழிவும் வந்தது. தமிழகத்திலேயே மிகுதியான உயிரிழப்பு நாகை மாவட்டத்தில்தான். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் முதலிய மீனவர் ஊர்களில் வீடுதோறும் அழுகுரல் கேட்டது. அக்குடிகளைச் சேர்ந்தவர்களே மீண்டும் படகு கட்டினர்; வலை பின்னினர்; உற்றாரைக் கொண்டு சென்ற அதே கடலில் இறங்கினர். பொன்மீன் விழாவும் நின்றுவிடவில்லை. கிடைக்காத நாளிலும் கடலை நம்பி, கிடைத்த நாளில் முதற்பங்கை இறைவனுக்கு அளித்த அதிபத்தரின் வழியினர் அவர்கள்.

வழிபடும் முறை

அன்பர்கள் காலையில் நாகைக்கு வந்து சேர்தல் நலம். முதலில் காயாரோகணசுவாமியையும் நீலாயதாட்சி அம்மையையும், சுந்தரவிடங்கரையும் வழிபட்டு, அதிபத்த நாயனாரை வணங்கலாம். பின்னர் உச்சிப்பொழுதில் நடை சார்த்தப்படுவதற்குள் சௌந்தரராசப் பெருமாளைச் சேவிக்கலாம். மேற்கே 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிக்கலுக்கு மாலையில் செல்வது எளிது. கடற்கரையில் நின்று தரிசிப்பதே போதுமானது. பழக்கமில்லாதோர் அலையில் இறங்குதல் கூடாது. கரையில் மாண்டோரை நினைத்து ஒரு கணம் கைகூப்பி நிற்பதும் வழிபாடே ஆகும்.

அடுத்தமுறை திருவாரூர்ச் சாலையில் வரும் அன்பர்கள் சிக்கலோடு திரும்பிவிடாது இன்னும் சிறிது தொலைவு கிழக்கே வருவாராக. கருந்தடங்கண்ணி அம்மையின் அருட்பார்வை அவர்களுக்காகக் காத்திருக்கிறது.